உடைந்த கார் ரிமோட் சாவி: குறைந்த செலவில் சரி செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் சாவிக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும் அந்தச் சாவிக்குள் இருப்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதில் புராசசர் உண்டு, மெமரி உண்டு, பாஸ்வேர்டும் உண்டு. உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் தேதியும் நேரமும் மறக்காமல் இருப்பது அதனால்தான். அதே பேட்டரிதான் பல கார் சாவிகளிலும் இருக்கிறது.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு சிறிய கார் வாங்கியபோது ஒரே ஒரு சாவிதான் கிடைத்தது. "இன்னொண்ணு வீட்டுல எங்கயோ இருக்கு சார், தேடித் தர்றேன்" என்றார் விற்றவர். இன்றுவரை தேடிக் கொண்டிருக்கிறார். என்னிடம் இருந்த சாவியில் பட்டன் மீதுள்ள ரப்பர் கிழிந்து, வளையம் மாட்டும் காதும் உடைந்திருந்தது. ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து இரண்டாகப் பிளந்து விட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். புதிய சாவிக்கு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய், இரண்டு வாரம் ஆகும், வந்ததும் வண்டியைக் கொண்டு வந்து விட வேண்டும் என்றார்கள். "ரிமோட்டை மட்டும் ரிப்பேர் பண்ண முடியாதா?" என்று கேட்டதற்கு, "மொத்தமாத்தான் மாத்தணும் சார்" என்று பதில் வந்தது.

மொத்தமாக மாற்றத் தேவையே இல்லை. என் சாவியைச் சரி செய்ய எனக்கு ஆன செலவு 520 ரூபாய். நடுவில் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்து, காரையே ஸ்டார்ட் செய்ய முடியாமல் திண்டாட இருந்தேன். அதையும் சொல்கிறேன்.

ஒரு சாவிக்குள் மூன்று சாவிகள்

ரிமோட் சாவி என்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி சமாச்சாரங்கள் இருக்கின்றன. இதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, வெட்டுப் போட்ட இரும்புப் பிளேடு. இது நம் தாத்தா காலத்துச் சாவிதான். கதவுப் பூட்டையும் ஸ்டியரிங் அருகில் உள்ள பூட்டையும் திருப்பும்.

இரண்டாவது, ரிமோட். பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை கிளம்பி காருக்குப் போகும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் கார்களில் பெரும்பாலும் இது 433.92 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் அதிகம். பேட்டரி தேவைப்படுவது இந்த ரிமோட்டுக்கு மட்டும்தான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. இதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அரிசியை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பியாகவோ, கறுப்பு நிறத்தில் சின்ன ஆப்பு போலவோ இருக்கும். இதற்குப் பேட்டரி கிடையாது. ஸ்டியரிங் பூட்டைச் சுற்றி ஒரு காயில் இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பும்போது அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சிப்பு அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக் கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அது சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓடும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய யூனியனில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களில் இது கட்டாயம். கம்பியை இணைத்துக் காரைக் கிளப்பிக் கொண்டு போகும் சினிமாத் திருட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது இதுதான்.

ஆக, இந்த மூன்றும் தனித்தனியாகத்தான் கெட்டுப் போகும். பட்டன் வேலை செய்யவில்லை, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கெட்டது ரிமோட் மட்டுமே. பட்டன் வேலை செய்கிறது, பூட்டும் திரும்புகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்காமல் டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கண் சிமிட்டுகிறது என்றால் சிப்பைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் பேட்டரி

பக்கத்தில் போனால்தான் ரிமோட் வேலை செய்கிறது என்றால் பத்துக்கு ஒன்பது முறை பேட்டரிதான் காரணம். பழைய பேட்டரியை எடுத்து அதன் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது. சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2016 என்றால் அதே விட்டம், பாதித் தடிமன். சிஆர்1620 என்றால் 16 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன். எல்லாமே 3 வோல்ட்தான். 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2016 போட்டால் உள்ளே ஆடும், சரியாகத் தொடர்பு கிடைக்காது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்குக் கீழே இறங்கி விட்டால் மாற்றி விடுவது நல்லது.

என் சாவி உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை எதுவும் திறக்கவில்லை. என் சாவிக்கும் 2032தான் என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விட்டு, மதர்போர்டில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். பூட்டும் பட்டன் வேலை செய்தது, திறக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்து விட்டது. (திரும்ப மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் தேதியை மறந்து விட்டு, பயாஸில் போய் எல்லாவற்றையும் சரி செய்யச் சொன்னது. இதைச் செய்து பார்ப்பவர்கள் அதற்கும் தயாராக இருங்கள்.)

பேட்டரியைக் கழற்றினால் சாவியில் உள்ள புரோகிராம் அழிந்து விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான ரிமோட்களில் அழியாது. பென் டிரைவில் மின்சாரம் இல்லாமலே பைல்கள் இருப்பது போலத்தான் இதுவும். சில மாடல்களில் மட்டும் மறுபடி ஒரு முறை காருடன் இணைக்க வேண்டியிருக்கும். அந்த முறை காருடன் வந்த புத்தகத்தில் இருக்கும்.

கழற்றிய பேட்டரியை மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள். சிறு குழந்தை விழுங்கி விட்டால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாக்கி விடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய பேட்டரி என்றாலும் இதே ஆபத்துதான்.

ரிமோட் அலை அனுப்புகிறதா?

டிவி ரிமோட்டை மொபைல் கேமரா முன்னால் பிடித்து அழுத்தினால் முனையில் உள்ள பல்பு மின்னுவது தெரியும். கார் ரிமோட்டில் இந்த வித்தை பலிக்காது. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. கார் ரிமோட் ரேடியோவில் வேலை செய்கிறது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. டிவி பார்ப்பதற்காக யூஎஸ்பி ஸ்டிக் விற்பார்கள். அதில் ஆர்டிஎல்2832யூ என்ற சிப்பு உள்ள வகையைப் பொதுவான ரேடியோ ரிசீவராகவும் பயன்படுத்தலாம் என்பது 2012ஆம் ஆண்டு வாக்கில் தெரிய வந்தது. அந்த ஸ்டிக்கைச் செருகி, ஜாடிக் என்ற சிறிய புரோகிராம் மூலம் டிரைவரை மாற்றி, எஸ்டிஆர் ஷார்ப் என்ற மென்பொருளை ஓட விட்டு 433.92க்கு டியூன் செய்யுங்கள். சாவிப் பட்டனை அழுத்தினால் திரையில் பளிச்சென்று ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் ரிமோட் உயிரோடு இருக்கிறது, கோளாறு கார் பக்கம். என் நண்பரிடம் இந்த ஸ்டிக் இருந்தது, பார்த்தேன், அவ்வளவுதான். இதற்காக மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருமுனை டூப்ளிகேட் சாவிக் கடைக்காரர்கள் பலரிடம் இதைச் சோதிக்கும் குட்டிக் கருவி இருக்கிறது, சும்மாவே பார்த்துச் சொல்வார்கள்.

ஓடு மாற்றும்போது செய்த தப்பு

சாவியின் மேல் ஓடு மட்டும் உடைந்திருந்தால் வெறும் ஓடு தனியாகக் கிடைக்கும். 'ரிமோட் கீ ஷெல்' என்று கேட்க வேண்டும். உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இருக்காது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம். ஆன்லைனிலும் கிடைக்கிறது. நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது பட்டன்களின் எண்ணிக்கையும் இடமும், பேட்டரி இருக்கும் பக்கமும், பிளேடின் நீளமும் பள்ளமும் உங்கள் சாவியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். படத்தைப் பார்த்து ஆர்டர் செய்வதை விட, உடைந்த சாவியைக் கையோடு கொண்டு போய்ப் பொருத்திப் பார்ப்பதே மேல்.

புதிய ஓட்டுடன் வெட்டாத பிளேடு ஒன்று வரும். பழைய பிளேடைக் கழற்றிப் புதிய ஓட்டில் மாட்ட முடிந்தால் வெட்டுக்கூலி மிச்சம். ஒரு சின்ன ஆணியோ ஸ்குருவோதான் பிடித்திருக்கும்.

நான் சர்க்யூட் போர்டை எடுத்துப் புதிய ஓட்டில் வைத்தேன். பிளேடை மாட்டினேன். மூடினேன். பார்ப்பதற்குப் புதுச் சாவி போலவே இருந்தது. பழைய ஓட்டைக் குப்பைக் கூடையில் போட்டு விட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை கதவு திறந்தது. இன்ஜின் ஒரு வினாடி ஓடி நின்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி நின்றது. டேஷ்போர்டில் சாவிப் படம் கண் சிமிட்டிக் கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. டிரான்ஸ்பாண்டர் சிப்பு போர்டில் இல்லை. பழைய ஓட்டின் உள்பக்கம் ஒரு குழியில் ஒட்டிக் கொண்டு இருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. மேலே ஓடினால், மனைவி கூடையை எடுத்துக் கொண்டு கீழே இறங்கிக் கொண்டிருக்கிறாள், தெருவில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம். படிக்கட்டிலேயே கூடையைக் கவிழ்த்து, காப்பித் தூளுக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவில் ஓட்டைத் தேடி எடுத்தேன். சிப்பு அதில் பத்திரமாக இருந்தது. ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் எனக்கு இருந்த ஒரே சாவியும் போயிருக்கும். செலவும் 520 ரூபாயில் நின்றிருக்காது.

எல்லாச் சாவிகளிலும் சிப்பு தனியாக இருக்காது. சிலவற்றில் போர்டிலேயே சேர்ந்திருக்கும். உங்களுடையது எப்படி என்று தெரியாத வரை, புதிய சாவியில் கார் ஓடும் வரை, பழைய ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சிப்பைக் குறடால் நெம்பி எடுக்கவும் கூடாது. கண்ணாடிக் குப்பி வகையாக இருந்தால் நொறுங்கி விடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கத்தியால் மெதுவாகச் சீவி எடுத்து, புதிய ஓட்டில் அதே இடத்தில், அதே திசையில் வையுங்கள். நகராமல் இருக்கத் துளி பசை போதும்.

இரண்டு சின்ன சுவிட்ச்

பட்டனுக்குக் கீழே போர்டில் குட்டி சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் மெத்தென்று இறங்கினால் சுவிட்ச் போய் விட்டது. மவுஸில் கிளிக் கெடுவது போலத்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுவிட்ச் பத்து ரூபாய். உயரமும் கால்களின் அமைப்பும் ஒத்துப் போக வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். மொபைல் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் நூறு ரூபாய் வாங்கிக் கொண்டு பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். அவர் கையில் இருந்த அயர்ன் முனை ஊசி போல இருந்தது. என்னிடம் இருந்தது தோசைக் கரண்டி.

தண்ணீரில் விழுந்த சாவிக்கு உடனே பேட்டரியைக் கழற்றுவதுதான் முதல் வைத்தியம். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மிருதுவான பிரஷ் வைத்துக் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள். அரிசிப் பானையில் போட்டு வைப்பதால் பயன் இல்லை. போர்டில் பச்சையாகப் பூத்திருந்தால் அதையும் ஆல்கஹாலால் தேய்த்து எடுக்க வேண்டும்.

காப்பி பேஸ்ட் ஏன் முடியாது?

நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு 'காப்பி ரிமோட்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். பழைய ரிமோட்டை முகத்துக்கு முகம் வைத்து அழுத்தினால் அப்படியே பதிந்து கொள்ளும் என்பார்கள். கேட், ஷட்டர் போன்றவற்றின் பழைய ரிமோட்களுக்கு அது சரி. அவை ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை அனுப்புகின்றன. கார் ரிமோட் அப்படி இல்லை.

கார் ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய எண்ணை அனுப்புகிறது. இதற்கு ரோலிங் கோட் என்று பெயர். பேங்க்கிலிருந்து மொபைலுக்கு வரும் ஓடிபி போல, ஒரு முறை பயன்படுத்தியது மறுமுறை செல்லாது. இதில் பிரபலமான கீலாக் முறை 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995இல் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. சாவியிலும் காரிலும் ஒரே 64 பிட் ரகசிய எண் இருக்கும். கூடவே எத்தனை முறை அழுத்தினோம் என்ற கணக்கும் ஓடிக் கொண்டிருக்கும். அழுத்தும்போது 66 பிட் தகவல் போகிறது. அதில் 32 பிட் ரகசியமாக்கப்பட்டது, மாறிக் கொண்டே இருக்கும்.

வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடி, கார் இல்லாத இடத்தில் அழுத்திக் கொண்டே இருந்தால் கணக்கு தவறி விடாதா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கீலாக் முறையில் கார் தன் கணக்கை விட 16 எண்கள் வரை முன்னால் இருந்தால் உடனே ஏற்றுக் கொள்ளும். அதற்கும் மேலே போயிருந்தால் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைக் கேட்டு, தன் கணக்கைத் திருத்திக் கொள்ளும். 'ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை' என்று கடைக்கு ஓடும் முன், கார் அருகில் நின்று பட்டனை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது சாவி

ரிப்பேர் ஆன கையோடு இரண்டாவது சாவி செய்து விடுவது என்று முடிவு செய்தேன். குப்பைக் கூடை அனுபவம் அப்படி. ஓடுகிற சாவி ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது எளிது, செலவும் குறைவு. இருந்த சாவியும் தொலைந்த பிறகு செய்வது பல மடங்கு சிரமம். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு போக வேண்டியும் வரலாம்.

சாவிக் கடைப் பாய் முதலில் என் பழைய சாவியைக் கருவியில் வைத்து சிப்பு எந்த வகை என்று பார்த்தார். பழைய வகைச் சிப்பு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அதை நேராக நகல் எடுத்து விடலாம். புதியவை கார் கேட்கும் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்பவை. அவற்றுக்குப் பெரும்பாலும் ஸ்டியரிங் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகி, காரின் மெமரியில் புதிய சாவியைச் சேர்க்க வேண்டும். சில கார்களுக்கு அதற்கு ஒரு பின் நம்பரும் தேவைப்படும்.

ரிமோட்டுக்கு இப்போது நல்ல வசதி வந்திருக்கிறது. எக்ஸ்ஹார்ஸ், கீடிஐஒய் போன்ற நிறுவனங்கள் வெற்று ரிமோட்களை விற்கின்றன. வெற்று சிடியில் நாம் வேண்டியதை எழுதிக் கொண்டோமே, அது மாதிரி, கருவியில் உங்கள் கார் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அந்த ரிமோட் உங்கள் காருக்கு உரியதாகி விடும். பிறகு காருடன் இணைக்க வேண்டும். எனக்குப் பிளேடு வெட்டு, சிப்பு, ரிமோட் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய் ஆனது. சில கார்களில் இணைக்கும் வேலையை நீங்களே செய்யலாம். சாவியை இத்தனை முறை ஆன், ஆஃப் செய்து பட்டனை அழுத்துங்கள் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். புத்தகம் இல்லாவிட்டால் கார் நிறுவனத்தின் வெப்சைட்டில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் ரிமோட்டை ஆன்லைனில் மலிவாகப் பார்த்து ஏமாறாதீர்கள். பல மாடல்களில் சாவியின் சிப்பு ஒரு காருடன் இணைந்ததும் பூட்டிக் கொள்ளும், வேறு காருக்கு ஆகாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டை வாங்கி விட்டால் 433 எதிர்பார்க்கும் காருக்கு அது கேட்கவே கேட்காது.

பாய் வேலையைத் தொடங்கும் முன் ஆர்சி புத்தகத்தையும் என் அடையாள அட்டையையும் கேட்டார். சற்று எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், அதைக் கேட்காமல் சாவி செய்து கொடுப்பவரிடம்தான் நாம் போகக் கூடாது. இன்னொன்றும் அவரே சொன்னார்: "பழைய ஓனர் கிட்ட ஒரு சாவி இருக்குல்ல சார், அதையும் மெமரியில இருந்து எடுத்துடவா?" எடுக்கச் சொன்னேன். அந்தச் சாவி இனி யார் கையில் கிடைத்தாலும் கதவுப் பூட்டைத் திருப்பலாம், இன்ஜினைக் கிளப்ப முடியாது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இதை மறக்காமல் கேளுங்கள்.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் கீ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பேட்டரி தீர்ந்து நடுவழியில் நின்றால் பதற வேண்டாம். சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பிளேடை இழுத்துக் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதே ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல கார்களில் இப்படி ஓடும். சிலவற்றில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும், புத்தகத்தைப் பாருங்கள். இந்த வகைச் சாவி விலை அதிகம். அதனால் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது சாவி மாற்றும் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். எனவே உடைந்ததாக இருந்தாலும் ஒரிஜினல் சாவியைத் தூக்கிப் போடாதீர்கள்.

புதிய சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் தவிர்க்கலாம். பிளேடின் வெட்டுத் தெளிவாகத் தெரிந்தால் படத்தைப் பார்த்தே அதே மாதிரி வெட்டி விட முடியும். புதிய காருடன் சாவி எண் பொறித்த சின்னத் தகடு வரும். அதையும் சாவி வளையத்திலேயே மாட்டி வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

என் இரண்டாவது சாவி இப்போது பீரோவில், ஆர்சி நகலோடு ஒரே கவரில் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்துக் காரை ஸ்டார்ட் செய்து பார்த்து விட்டு வைக்கிறேன்.